பதில் சட்டம் எழுத முடியாத பேரவை: காரைக்காலிலிருந்து நீதிமன்ற அதிகாரத்தைப் பார்க்கும்போது

காரைக்கால் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி 2,00,222 பேர் வாழ்கிறார்கள். நெடுங்காடு, திருநள்ளாறு, காரைக்கால் வடக்கு, காரைக்கால் தெற்கு, நிரவி - திருமலைராயன்பட்டினம் ஆகிய ஐந்து தொகுதிகளிலிருந்து அவர்கள் புதுச்சேரி சட்டப்பேரவைக்கு ஐந்து பேரை அனுப்புகிறார்கள். அதே பேரவையில் யாருடைய வாக்கும் பெறாத மூன்று பேர் உறுப்பினராக அமரலாம். அவர்களை நியமிப்பது மத்திய அரசு. அந்த மூவரும் வரவு செலவுத் திட்டத்தின் மீதும் நம்பிக்கைத் தீர்மானத்தின் மீதும் வாக்களிக்கலாம் என்று 2018 டிசம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருநள்ளாற்றில் வரிசையில் நின்று வாக்களித்தவர் அனுப்பிய உறுப்பினரின் வாக்கும், டெல்லியிலிருந்து வந்த ஓர் அறிவிக்கையால் உறுப்பினரானவரின் வாக்கும் அன்றிலிருந்து ஐயத்துக்கு இடமின்றிச் சமம்.

மக்களாட்சியில் சட்டமியற்றுவதன் மீது நீதிமன்றங்களுக்கு அளவுக்கு மீறிய அதிகாரம் இருக்கிறதா என்ற கேள்வியை நம் நாட்டில் பெரும்பாலும் நாடாளுமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் நடக்கும் இழுபறியாகவே பேசுகிறோம். நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை நீதிபதிகள் செல்லாது என்றால் அத்துமீறல் என்று ஒரு தரப்பும், அரசியல் சாசனத்தைக் காத்தார்கள் என்று மறுதரப்பும் சொல்கின்றன. எத்தனை சட்டங்கள் வீழ்த்தப்பட்டன என்று எண்ணிப் பார்த்து அதிகாரத்தை அளப்பது இந்த விவாதத்தின் பழக்கம். காவிரி கடலைத் தொடும் கடைமடையில், நாற்புறமும் வேறோர் ஆட்சியும் கடலும் சூழ்ந்த இந்தச் சிறு நிலத்திலிருந்து பார்க்கும்போது அந்த அளவுகோல் போதவில்லை. இங்கே நீதிமன்றம் ஒரு சட்டத்தை முழுதாக வீழ்த்தியிருக்கிறது. அதனால் மக்களாட்சிக்குக் கேடு வரவில்லை. ஒரு சட்டத்தில் கை வைக்காமல் அப்படியே ஏற்றும் இருக்கிறது. ஓர் ஆட்சி போனதில் அதற்கும் பங்கு உண்டு. தீர்ப்புக்குப் பிறகு, தேர்ந்தெடுக்கப்பட்ட சபை சட்டத்தால் பதில் சொல்ல முடிகிறதா என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும் என்பது என் முடிவு. அந்த முடிவுக்கு என்னைக் கொண்டுவந்தவை புதுச்சேரியின் இரண்டு வழக்குகள்.

நீதிபதி சட்டம் செய்யக் கூடாது

அவற்றுக்கு முன் பிரெஞ்சுக் காலத்தைப் பற்றிச் சிறிது. 1739 முதல் 1954 வரை, இடையில் ஆங்கிலேயர் கைப்பற்றி வைத்திருந்த ஆண்டுகள் நீங்கலாக, காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. சட்டத்துக்கும் நீதிபதிக்கும் உள்ள உறவைப் பற்றி பிரான்சுக்கு அழுத்தமான ஒரு கொள்கை உண்டு. புரட்சிக்கு முன் அந்நாட்டின் உயர் நீதிமன்றங்கள் மன்னரின் ஆணைகளைப் பதிவு செய்ய மறுத்து முட்டுக்கட்டை போட்டன. தாங்களே பொது விதிகளையும் பிறப்பித்தன. அந்த நினைவு ஆறாத புரட்சியாளர்கள், சட்டமன்றத்தின் வேலையில் நீதிமன்றங்கள் எவ்வகையிலும் தலையிடக் கூடாது என்று 1790 ஆகஸ்ட்டில் சட்டம் இயற்றினார்கள். 1804இன் உரிமையியல் சட்டத் தொகுப்பின் 5ஆம் பிரிவு, தம் முன் வரும் வழக்கில் பொது விதி வகுப்பதுபோலத் தீர்ப்பளிப்பதை நீதிபதிகளுக்குத் தடை செய்தது. 1819 ஜனவரி 6ஆம் தேதியிட்ட ஆணை வழியாக பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளுக்கும் வந்தன. இங்கே வாழ்ந்தவர்களின் திருமணம், வாரிசுரிமை போன்றவை அவரவர் மத, சாதி வழக்கப்படியே விடப்பட்டன.

நீதிமன்றம் அளவுமீறுகிறது என்று கவலைப்படுகிறவர்களுக்கு இது கனவு ஏற்பாடாகத் தோன்றலாம். ஆனால் காரைக்காலில் நீதிபதி எந்தச் சட்டத்துக்குப் பணிந்திருந்தார்? 1854ஆம் ஆண்டின் ஏற்பாட்டின்படி மர்த்தினீக், குவாதலூப், ரெயூனியோன் தவிர்த்த காலனிகள் பாரிஸிலிருந்து வரும் ஆணைகளாலேயே ஆளப்பட்டன. தனிநபர் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்குள் வர வழி செய்த 1881 செப்டம்பர் 21 ஆணையும், கொம்யூன் என்ற உள்ளாட்சி அமைப்புகளை ஏற்படுத்திய 1880 ஆணையும் அப்படி வந்தவைதாம். பிரெஞ்சு இந்தியா முழுவதற்கும் பாரிஸ் நாடாளுமன்றத்தின் கீழவையில் ஒரே ஓர் உறுப்பினர். தேர்தல் தில்லுமுல்லுகளோ ஊரறிந்தவை. ஆக, இங்கே நீதிபதியின் அடக்கம் காத்து நின்றது மக்களின் சட்டத்தை அல்ல. தூரத்து அரசின் ஆணையை. சட்டம் இயற்றும் இடத்தில் மக்கள் இருந்தால்தான் நீதிமன்றத்தின் அடக்கம் மக்களாட்சிக்கு உதவும். பிற்பாடு நடந்ததைப் புரிந்துகொள்ள இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிரான்சும் அந்தக் கொள்கையில் அப்படியே நிற்கவில்லை. 1958இல் அரசியலமைப்பு மன்றம் ஒன்றை ஏற்படுத்தியது. 1971 ஜூலையில் அம்மன்றம் சங்கம் அமைக்கும் உரிமையைக் காக்க, நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஒரு சட்டத்தின் பகுதியை வீழ்த்தியது. ஏற்கெனவே நடைமுறையில் உள்ள சட்டத்தை எதிர்த்து வழக்காடுபவர் அங்கே போவதற்கு 2010 மார்ச் முதல் வழி பிறந்தது.

1967: எழுதாத சட்டத்தை ஏற்க மறுத்த தீர்ப்பு

1954 நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியான இணைப்பு முடிந்தது. அதே ஆண்டு 14ஆவது திருத்தத்தால் 239ஏ பிரிவு அரசியல் சாசனத்தில் நுழைந்தது. ஒன்றியப் பகுதிகளுக்குச் சட்டப்பேரவை அமைக்கலாம், அதன் அமைப்பையும் அதிகாரத்தையும் நாடாளுமன்றம் சாதாரணச் சட்டத்தால் வகுக்கலாம் என்று அப்பிரிவு சொல்கிறது. அப்படி வந்ததுதான் 1963ஆம் ஆண்டின் ஒன்றியப் பகுதிகள் அரசாங்கச் சட்டம். மாநிலப் பட்டியலிலும் பொதுப் பட்டியலிலும் உள்ளவற்றின் மீது பேரவை சட்டம் இயற்றலாம். ஆனால் நாடாளுமன்றச் சட்டத்தோடு முரண்பட்டால் பேரவையின் சட்டம் நிற்காது. வரவு செலவுத் திட்டத்தைப் பேரவையில் வைக்கும் முன்பே குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். அமைச்சரவைக்கும் துணைநிலை ஆளுநருக்கும் கருத்து வேறுபாடு வந்தால் விஷயம் டெல்லிக்குப் போகும். பிறந்த நாளிலிருந்தே இந்தப் பேரவையின் கைகள் பாதி கட்டப்பட்டவை.

அந்தப் பேரவை 1965இல் ஒரு விற்பனை வரிச் சட்டம் இயற்றியது. அது நடந்த விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். சட்டத்தின் சாரம் சில வரிகள்தாம்: சென்னை மாநிலத்தின் 1959ஆம் ஆண்டுப் பொது விற்பனை வரிச் சட்டம், இந்தச் சட்டம் நடைமுறைக்கு வருவதற்குச் சற்று முன் சென்னையில் எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவில் புதுச்சேரிக்கும் பொருந்தும். எந்த நாளில் நடைமுறைக்கு வரும் என்பதை அரசு அறிவிக்கும். 1965 ஜூன் இறுதியில் சட்டம் அரசிதழில் வெளியானது. நவம்பரில் சென்னைச் சட்டமன்றம் தன் சட்டத்தைத் திருத்தியது. 1966 மார்ச் 1இல் புதுச்சேரி அரசு அறிவிக்கை வெளியிட்டு, ஏப்ரல் 1 முதல் வரி என்றது. இப்படியாக, புதுச்சேரிப் பேரவை வாக்களித்தபோது இல்லாத திருத்தங்களோடு, புதுச்சேரி உறுப்பினர் ஒருவரும் கண்ணால் காணாத ஒரு வரிச் சட்டம் இங்கே அமலுக்கு வந்தது. காரைக்கால் கடைத்தெருவில் விற்கும் பொருளுக்கு என்ன வரி என்பதைக் காரைக்கால் அனுப்பிய உறுப்பினர்கள் தீர்மானிக்கவில்லை. சென்னைக் கோட்டையில் இருந்தவர்கள் தீர்மானித்தார்கள். அவர்களுக்குக் காரைக்காலில் ஒரு வாக்காளர்கூடக் கிடையாது.

பி. சாமா ராவ் எதிர் பாண்டிச்சேரி ஒன்றியப் பகுதி என்ற வழக்கில் 1967 பிப்ரவரி 20 அன்று உச்ச நீதிமன்றம் மூவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில் இந்தச் சட்டத்தை வீழ்த்தியது. தலைமை நீதிபதி சுப்பா ராவ் பெரும்பான்மைப் பக்கம் இருந்தார். வேறொரு சட்டமன்றத்தின் சட்டத்தை எடுத்தாள்வதை நீதிமன்றம் குறையாகச் சொல்லவில்லை. இனி அந்தச் சட்டமன்றம் என்ன திருத்தம் செய்யுமோ அதையும் சேர்த்து முன்கூட்டியே ஏற்றுக்கொண்டதுதான் குற்றம். அப்படிச் செய்ததன் மூலம் பேரவை தன் கடமையைத் துறந்துவிட்டது என்பது தீர்ப்பின் சாரம். வழக்கு நிலுவையில் இருந்தபோது 1966இல் பேரவை அவசரமாக ஒரு திருத்தச் சட்டம் போட்டுப் பார்த்தது. உயிரோடு பிறக்காத சட்டத்தைத் திருத்தி உயிர்ப்பிக்க முடியாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் அதையும் தள்ளினார்கள். இந்த இடத்தில்தான் மற்ற இரு நீதிபதிகள் மாறுபட்டார்கள். திருத்தத்தின்போது பேரவை சட்டத்தைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டுவிட்டது, அது போதும் என்பது அவர்கள் நோக்கு. பின்னாளைய தீர்ப்புகள் சாமா ராவ் வழக்கின் எல்லையைக் குறுக்கிவிட்டன என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒரு சிறிய பேரவையின் வரிச் சட்டத்தை முழுதாகத் துடைத்தெறிந்த தீர்ப்பு இது. எண்ணிக்கை பார்ப்பவர்கள் இதை நீதிமன்றத்தின் அத்துமீறல் கணக்கில் சேர்க்கக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேரவையைப் பார்த்து, “உன் வேலையை நீயே செய்” என்று சொன்ன தீர்ப்பாகவே இதை வாசிக்கிறேன். அதைவிட முக்கியமானது அடுத்து நடந்தது. அதே 1967இல் பாண்டிச்சேரி பொது விற்பனை வரிச் சட்டம், 1967 என்ற முழுச் சட்டம் பேரவையில் நிறைவேறியது. 2007இல் மதிப்புக் கூட்டு வரி வரும்வரை நாற்பது ஆண்டுகள் அந்தச் சட்டத்தின் கீழ்தான் இங்கே வரி வசூலானது. நீதிமன்றம் கேள்வி கேட்டது, பேரவை சட்டத்தால் பதில் சொன்னது, பதில் நிலைத்தது.

2018: சொல்லுக்குச் சொல் வாசித்த தீர்ப்பு

1963ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு 3ஆம் உட்பிரிவு ஒரே வாக்கியம். அரசுப் பணியில் இல்லாத மூன்று பேருக்கு மிகாமல் மத்திய அரசு பேரவைக்கு நியமிக்கலாம். யாரைக் கேட்டு, எந்தத் தகுதி பார்த்து, எந்தக் காரணத்துக்காக என்று ஒரு சொல்லும் இல்லை.

2016 தேர்தலில் காங்கிரஸ் 15 இடங்களை வென்று தி.மு.க. ஆதரவோடு வி. நாராயணசாமி தலைமையில் ஆட்சி அமைத்தது. பாரதிய ஜனதா கட்சி ஓரிடத்திலும் வெல்லவில்லை. 2017இல் அக்கட்சியைச் சேர்ந்த வி. சாமிநாதன், கே.ஜி. சங்கர், எஸ். செல்வகணபதி ஆகிய மூவரை மத்திய அரசு நியமித்தது. அமைச்சரவையைக் கலந்தாலோசிக்கவில்லை. ஜூலை 4 அன்று துணைநிலை ஆளுநர் கிரண் பேடி ராஜ் நிவாஸில் அவர்களுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். பேரவைத் தலைவர் வைத்திலிங்கம் அவர்களை ஏற்க மறுத்தார். விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2018 மார்ச்சில் நியமனம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. ஆண்டு இறுதியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

உச்ச நீதிமன்றத்தில் முன்வைக்கப்பட்ட வாதங்களில் இரண்டைக் கவனிக்கலாம். முதலாவது, புதுச்சேரி அரசைக் கலந்தாலோசித்தே நியமிப்பது மரபு என்பது. அப்படியொரு மரபு நிலைபெற்றதாக நிறுவப்படவில்லை என்றது நீதிமன்றம். இரண்டாவது, நியமன உறுப்பினர் ஆட்சியின் உயிரைத் தீர்மானிக்கும் வாக்கெடுப்பில் பங்கேற்கக் கூடாது என்பது. பேரவையில் முடிவுகள் வாக்களிக்கும் உறுப்பினர்களின் பெரும்பான்மையால் எடுக்கப்படும் என்றுதான் சட்டம் சொல்கிறது, தேர்ந்தெடுக்கப்பட்டவர், நியமிக்கப்பட்டவர் என்று பிரிக்கவில்லை என்றது நீதிமன்றம்.

சட்டத்தின் சொற்களை வைத்துப் பார்த்தால் தீர்ப்பில் பிழை சொல்வது கடினம். நாடாளுமன்றம் எழுதியதை நீதிபதிகள் கூட்டாமல் குறைக்காமல் வாசித்தார்கள். நீதிமன்றம் அடங்கியிருக்க வேண்டும் என்பவர்கள் கேட்பது இதைத்தானே! ஆனாலும் நீதிமன்றம் இன்னும் ஓரடி ஆழமாகப் போயிருக்கலாம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். குடியரசுத் தலைவர் தேர்தலில் புதுச்சேரியின் நியமன உறுப்பினர்கள் வாக்களிக்க முடியாது. புதுச்சேரியின் மாநிலங்களவை உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கே இடம். விலக்க நினைத்த இடத்தில் சட்டம் வெளிப்படையாக விலக்கியிருக்கிறது, இங்கே விலக்கவில்லை என்று இதை நீதிமன்றத்துக்குச் சாதகமாகவும் வாசிக்கலாம். எனக்கோ அது எதிர்த் திசையைக் காட்டுகிறது. மாநிலங்களவைக்கு ஒருவரை அனுப்பத் தகுதியில்லாதவர் முதலமைச்சரை வீட்டுக்கு அனுப்பலாம் என்ற முடிவு, பேரவைக்கு அமைச்சரவை கூட்டாகப் பொறுப்பானது என்று அதே சட்டம் சொல்வதன் உயிரைத் தொடுகிறது. டெல்லியில் நியமன உறுப்பினர்கள் மாநிலங்களவையில் சட்ட முன்வடிவுகளுக்கு வாக்களிக்கிறார்கள், உண்மைதான். ஆனால் மத்திய அமைச்சரவை மக்களவைக்குத்தான் பொறுப்பு. மாநிலங்களவை வாக்கால் ஒரு பிரதமரும் கவிழ்வதில்லை. புதுச்சேரிக்கு இருப்பது ஒரே அவை.

2021 பிப்ரவரியில் அந்தக் கணக்கு நேரில் நடந்தது. ஒரு காங்கிரஸ் உறுப்பினர் முன்பே தகுதி நீக்கம் ஆகியிருந்தார். ஜனவரி 25 தொடங்கி பிப்ரவரி 21 வரை ஆளும் கூட்டணியின் ஆறு உறுப்பினர்கள் பதவி விலகினார்கள். மிஞ்சியது தேர்ந்தெடுக்கப்பட்ட 23 பேர். ஆளும் தரப்பில் பேரவைத் தலைவரையும் சேர்த்து 12; எதிர்த் தரப்பில் என்.ஆர். காங்கிரஸ் 7, அ.தி.மு.க. 4, ஆக 11. மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் மட்டும் வாக்களித்திருந்தால் பதினொன்றுக்குப் பதினொன்று, பேரவைத் தலைவர் கையில் முடிவு. நியமன உறுப்பினர் மூவரைச் சேர்த்தால் எதிர்த் தரப்பு 14. பிப்ரவரி 22 அன்று, அவர்கள் வாக்களிக்க எதிர்ப்புத் தெரிவித்து நாராயணசாமி வெளிநடப்புச் செய்தார். நம்பிக்கைத் தீர்மானம் தோற்றதாகப் பேரவைத் தலைவர் அறிவித்தார். ஆட்சி போனது.

தீர்ப்பால் மட்டும் ஆட்சி போகவில்லை. ஆறு பேர் விலகாதிருந்தால் இந்த நிலையே வந்திராது. 2018 வழக்கின் மனுதாரரான கே. லட்சுமிநாராயணனே பிப்ரவரி 21இல் விலகியவர்களில் ஒருவர், பிறகு என்.ஆர். காங்கிரஸில் சேர்ந்து வென்று அமைச்சரானார். கட்சித் தாவலின் நோயை நீதிமன்றத்தின் தலையில் கட்ட முடியாது. ஆனால் கடைசித் தராசைச் சாய்த்தவை மக்கள் வாக்கே இல்லாத மூன்று வாக்குகள் என்பது மாறாது.

1967க்கும் 2018க்கும் இடையில் உள்ள வேறுபாடு இங்கேதான் தெரிகிறது. 1967 தீர்ப்புக்குப் பேரவை தானே பதில் எழுதியது. 2018 தீர்ப்புக்குப் பதில் எழுத அதனால் முடியாது. 1963ஆம் ஆண்டுச் சட்டம் நாடாளுமன்றத்தின் சட்டம். அதில் ஓர் எழுத்தை மாற்றவும் புதுச்சேரிப் பேரவைக்கு அதிகாரமில்லை. மாநில அந்தஸ்து கேட்டுப் பலமுறை தீர்மானம் போட்டிருக்கிறது, அவ்வளவுதான். மாற்றும் அதிகாரம் உள்ள மக்களவையின் 543 இடங்களில் புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் நான்குக்கும் சேர்த்து ஓரிடம், மாநிலங்களவையில் ஒன்று. பிரெஞ்சுக் காலத்தில் பாரிஸுக்கு அனுப்பிய ஒற்றை உறுப்பினரோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

பதில் சொல்லும் வலிமை உள்ளவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்பதை 2023இல் பார்த்தோம். டெல்லி அரசு அதிகாரிகள் யார் கட்டுப்பாட்டில் என்ற வழக்கில் மே 11 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு டெல்லி அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மே 19 அன்று மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து தீர்ப்பின் பயனை இல்லாமல் ஆக்கியது. ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கியது. எட்டே நாள். நீதிமன்றத்தின் முன் நாடாளுமன்றம் கைகட்டி நிற்கிறது என்று சொல்கிறவர்கள் இந்தத் தேதிகளை ஒருமுறை பார்க்க வேண்டும்.

துணைநிலை ஆளுநரின் அன்றாடத் தலையீடு பற்றிய வழக்கையும் இதனுடன் சேர்த்துப் படிக்கலாம். 2019 ஏப்ரல் 30 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆர். மகாதேவன், தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் அன்றாட அலுவல்களில் ஆளுநர் தலையிட முடியாது என்றார். 2020 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. அதே நீதிபதி பின்னர் உச்ச நீதிமன்றம் சென்று, 2025 ஏப்ரல் 8 அன்று தமிழ்நாடு ஆளுநர் நிறுத்தி வைத்த பத்து சட்ட முன்வடிவுகள் ஒப்புதல் பெற்றவையாகக் கருதப்படும் என்று தீர்ப்பளித்த இருவர் அமர்வில் ஒருவராக இருந்தார். ஆளுநருக்குக் காலக்கெடு விதிப்பதும், ஒப்புதல் பெற்றதாகக் கருதுவதும் நீதிமன்றத்தால் இயலாது என்று குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்கு அதே ஆண்டு நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு கருத்துரைத்தது. இரண்டு கதைகளிலும் ஒரு நீதிபதியோ ஓர் அமர்வோ தேர்ந்தெடுக்கப்பட்ட சபைக்காக ஓரடி முன்வைக்கிறது. நீதித்துறையே அடுத்து ஓரடி பின்வாங்குகிறது. ஏப்ரல் தீர்ப்பு எல்லை கடந்தது என்பவர்களின் சட்ட வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் மக்கள் தேர்ந்தெடுத்த சபை நிறைவேற்றியதை ஆண்டுக்கணக்கில் பெட்டியில் வைத்திருந்தது எந்த நீதிமன்றமும் அல்ல.

தண்ணீரும் கொம்யூனும்

நீதிமன்றத்தின் கை நீண்டதால் காரைக்கால் பிழைத்ததும் உண்டு. மாநிலங்களுக்கு இடையிலான நதிநீர்த் தகராறுகளில் நீதிமன்றங்களின் அதிகாரத்தை நாடாளுமன்றம் விலக்கலாம் என்கிறது அரசியல் சாசனத்தின் 262ஆவது பிரிவு. 1956ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கியும் இருக்கிறது. ஆனால் தீர்ப்பாயத்தின் முடிவை எதிர்த்த மேல்முறையீட்டைக் கேட்கத் தனக்கு அதிகாரம் உண்டு என்று 2016 டிசம்பர் 9இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. 2018 பிப்ரவரி 16 தீர்ப்பில் தமிழ்நாட்டின் பங்கு 404.25 டி.எம்.சி.யாகக் குறைந்தது, புதுச்சேரிக்குத் தீர்ப்பாயம் 2007இல் தந்த 7 டி.எம்.சி. அப்படியே நின்றது. அந்த 7 டி.எம்.சி. காரைக்கால் வயல்களுக்கானது. அரசலாறும் நாட்டாறும் நூலாறும் திருமலைராஜன் ஆறும் இங்கே வந்து சேரும்போது மேலே எல்லோரும் எடுத்தது போக மிஞ்சுவதுதான் வரும். ஆறு வாரத்தில் செயல்திட்டம் வகுக்கச் சொன்ன தீர்ப்பை மத்திய அரசு காலம் கடத்தியது. நீதிமன்றம் விடாமல் கேட்டு, மே 18இல் வரைவை ஏற்ற பிறகு, ஜூன் 1 அன்று காவிரி நீர் மேலாண்மைத் திட்டம் அரசிதழில் வந்தது. நிர்வாகத்தின் கையைப் பிடித்து விதி எழுத வைத்ததுதான் இது. கடைமடை விவசாயியிடம் இதைத் தவறு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

உள்ளாட்சித் தேர்தலில் நீதிமன்றம் இரண்டு முகமும் காட்டியது. காரைக்கால் நகராட்சியும், நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, திருமலைராயன்பட்டினம், திருநள்ளாறு என்ற ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளும் 1968க்குப் பின் 38 ஆண்டுகள் தேர்தலே காணவில்லை. நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகுதான் 2006இல் தேர்தல் நடந்தது. 2011இல் பதவிக்காலம் முடிந்ததும் மீண்டும் அதிகாரிகள் ஆட்சி. தேர்தலை நடத்தச் சொல்லி 2018இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2021இல் அறிவிப்பு வந்தபோதோ இட ஒதுக்கீடும் சுழற்சி முறையும் வழக்காகி, உயர் நீதிமன்றத்தில் தேர்தல் நின்றது. பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டுக்குத் தனி ஆணையம், தரவு, மொத்தம் 50 விழுக்காட்டு வரம்பு என்ற மும்முனைச் சோதனையை 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மகாராஷ்டிர வழக்கில் வலியுறுத்தியிருந்தது. அந்தச் சோதனையை எந்தச் சட்டமன்றமும் எழுதவில்லை; நீதிபதிகள் எழுதினார்கள். தரவு கேட்பது நியாயம். ஆனால் தரவு திரட்டாத அரசுக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை. தன் தெருவுக்கு உறுப்பினர் இல்லாமல் கொம்யூன் அலுவலக வாசலில் காத்து நின்றவர்தான் விலை கொடுத்தார். அளவுக்கு மீறிய அதிகாரம் என்ற குற்றச்சாட்டு உண்மையில் பொருந்தும் இடம் இப்படிப்பட்ட நீதிபதி வகுத்த விதிகள்தாம்.

இன்னொரு இடமும் உண்டு. நீதிபதிகள் நியமனத்துக்கான 99ஆவது திருத்தம் 2014 ஆகஸ்ட்டில் இரு அவைகளிலும் நிறைவேறி, பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களின் ஒப்புதலும் பெற்றது. 2015 அக்டோபர் 16இல் நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அது வீழ்ந்தது. அரசியல் சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பைக் குலைக்கிறது என்று காரணம் காட்டித் திருத்தத்தையே வீழ்த்தினால் அதற்கு எந்தச் சபையும் பதில் எழுத முடியாது. 1973இன் கேசவானந்த பாரதி தீர்ப்பு தந்த அந்தக் கருவி நாட்டுக்குத் தேவை என்றே நம்புகிறேன். ஆனால் நீதிபதிகளைத் தேர்வு செய்யும் முறையைப் பற்றிய வழக்கில் நீதிபதிகளே அதை எடுத்தது சரியில்லை.

அதற்காக அந்த அதிகாரமே வேண்டாம் என்பவர்கள் காரைக்கால் கடற்கரையில் நின்று எதிர்க்கரையை நினைக்கட்டும். இலங்கையின் 1978 அரசியலமைப்பில் சட்ட முன்வடிவை மட்டுமே, அதுவும் நாடாளுமன்ற நிகழ்ச்சி நிரலில் வந்த குறுகிய காலத்துக்குள், உச்ச நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். சபாநாயகர் சான்றளித்த பிறகு 80ஆவது பிரிவின்படி எந்த நீதிமன்றமும் அந்தச் சட்டத்தின் செல்லுபடியைக் கேள்வி கேட்க முடியாது. மூன்று ஆண்டுகளுக்கு என்று 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982இல் நிரந்தரமானது. அதன் கீழ் எத்தனையோ தமிழ் இளைஞர்கள் விசாரணையின்றி ஆண்டுக்கணக்கில் அடைபட்டார்கள். அந்தச் சட்டத்தை வீழ்த்தும் அதிகாரம் எந்த நீதிபதிக்கும் இருக்கவில்லை. கனடா நடுவழி ஒன்றை வைத்திருக்கிறது: உரிமைச் சாசனத்தின் 33ஆவது பிரிவின்படி, சில உரிமைகளை மீறியும் ஒரு சட்டம் ஐந்தாண்டுகளுக்கு நிற்கும் என்று சட்டமன்றம் அறிவிக்கலாம். வேண்டுமானால் புதுப்பிக்கலாம், அதற்குள் ஒரு தேர்தல் வந்துவிடும். நம் சிறுபான்மையினரின் நிலையை எண்ணினால் அந்த வழியை இங்கே பரிந்துரைக்க எனக்குத் துணிவில்லை.

புதுச்சேரிக்கு வேண்டியது அவ்வளவு பெரிதும் அல்ல. மக்களவையிலும் மாநிலச் சட்டமன்றங்களிலும் ஆங்கிலோ இந்தியருக்கு இருந்த நியமன இடங்கள் 104ஆவது திருத்தத்தால் 2020 ஜனவரி 25 முதல் இல்லாமல் போயின. நியமனம் காலத்துக்கு ஒவ்வாதது என்று நாடாளுமன்றத்துக்கு அங்கே தோன்றியிருந்தால் இங்கேயும் தோன்ற வேண்டும். 3ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவை நீக்கலாம். அல்லது நியமனம் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்க வேண்டும், நியமன உறுப்பினர் நம்பிக்கை வாக்கெடுப்பிலும் நிதி முன்வடிவிலும் வாக்களிக்க இயலாது என்று இரண்டு வரி சேர்க்கலாம். இதற்கு அரசியல் சாசனத் திருத்தம் தேவையில்லை. சாதாரணப் பெரும்பான்மை போதும். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இதற்குத் தடையும் இல்லை, ஏனெனில் அத்தீர்ப்பு நின்றதே நாடாளுமன்றம் எழுதிய சொற்களின் மீதுதான். எந்தக் கட்சி டெல்லியை ஆண்டாலும் அந்த மூன்று இடங்கள் அதற்குப் பயன்படும், ஆகவே தானாக எந்தக் கட்சியும் இதைச் செய்யாது. அடுத்த மக்களவைத் தேர்தலில் காரைக்காலுக்கு வாக்குக் கேட்டு வருகிறவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், இந்த ஒரு திருத்தத்துக்குத் தனிநபர் முன்வடிவாவது கொண்டுவருவீர்களா என்று மேடையிலேயே அவரைக் கேளுங்கள்.